ஸ்டெடி ஸ்டேட்: உறுதிநிலையா, மாறாநிலையா?

நண்பர்களே, வேதிப் பொறியியலில் கணித மாதிரிகள் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லின் தமிழாக்கத்தில் சிக்கி நிற்கிறேன். வினை நடக்கும் கலனுக்கு உள்ளே வருவது, வெளியே போவது, வினையால் உண்டாவது, தேங்குவது என்று கணக்கை எழுதியாயிற்று. தேக்கம் சுழியமானால் ஸ்டெடி ஸ்டேட். 'உறுதிநிலை' என்று போட்டேன். மாணவர்கள் அதைச் சமநிலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

—

> உறுதிநிலை

வேண்டாம் ஐயா. சமநிலையில் முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும். நிகர வினை இல்லை. நீங்கள் சொல்லும் கலனிலோ வினை நடந்துகொண்டேதான் இருக்கிறது. குழாயில் வருகிற அளவே வடிகாலில் போனால் தொட்டியின் மட்டம் அசையாது, தண்ணீர் என்னவோ ஓடுகிறது.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. வெப்பம் உமிழும் வினையில், வெப்பநிலைக்கு எதிராக உண்டாகும் வெப்பத்தை வரைந்தால் எஸ் போல வளையும். வெளியேறும் வெப்பம் நேர்கோடு. இரண்டும் வெட்டும் இடமெல்லாம் ஸ்டெடி ஸ்டேட்தான். 3 இடங்களில் வெட்டலாம் என்று 1953இலேயே வான் ஹீர்டன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். நடுப்புள்ளியில் கலன் கொஞ்சம் சூடேறினால் மேல்புள்ளிக்குத் தாவும், கொஞ்சம் ஆறினால் வினை அணைந்தே போகும். அதற்கு என்ன பெயர், 'உறுதியற்ற உறுதிநிலை'யா? 'நிலைத்த நிலை' என்றாலும் இதே கதிதான். 'மாறாநிலை' என்று வையுங்கள்.

—

எதிர்மறையிலா பெயர் சூட்டுவது? 'மன்னுநிலை' என்போம். மன்னுதல் என்றால் நிலைபெறுதல். மன்னன், மன்பதை எல்லாம் இந்த வேர்தான். அதோடு இது வினைத்தொகை. மன்னிய, மன்னுகின்ற, மன்னும் என முக்காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. நேரத்தைப் பொறுத்த வகைக்கெழு, அதாவது மாறும் வீதம், சுழியமாகும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்குமா?

—

அழகுதான். ஆனால் 'மன்' என்ற இடைச்சொல்லுக்கு நன்னூல் தரும் பொருள்களில் நிலைபேறும் உண்டு, கழிந்துபோனது என்ற கழிவும் உண்டு. எந்த மன் உங்கள் மன்?

—

இடைச்சொல்லை வினையடியோடு குழப்பாதீர்கள்!

—

மாணவர் பக்கம் வருவோமா? மன்னுநிலை என்று கரும்பலகையில் எழுதினால் மன்னிப்பா என்று கேட்பார்கள். 'சீர்நிலை' எளிது.

—

சீர் என்றால் எங்கும் ஒரேமாதிரி என்றல்லவா படும்? குழாய்க்கலனில் நுழைவாயிலில் ஒரு செறிவு, கடைசியில் வேறு செறிவு. இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரம் மாறாது. அதுவும் ஸ்டெடி ஸ்டேட்தான். அங்கே சீர்நிலை பொய் சொல்லும்.

—

சரி, மாறாநிலை என்றே அனுப்புகிறேன். நேரத்தோடு மாறும் டிரான்சியன்ட்டுக்கு 'மாறுநிலை' தானாகவே கிடைக்கிறது. 'உறுதியற்ற மாறாநிலை'யும் இடிக்கவில்லை. எதிர்ப்பவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

—

என் ஓட்டும் மாறாநிலைக்கே. களைத்துவிட்டேன்.

—

நான் எதிர்க்கிறேன். மாறு, மாறா என்று ஒரே ஓர் உயிர்தான் வேறுபாடு. கடைசி வரிசை மாணவன் எதைக் கேட்பான்? அப்புறம், வினையின் நடுவே தோன்றி மறையும் இடைப்பொருள்களுக்கு 1913இல் போடன்ஸ்டைன் கொண்டுவந்த குவாசி ஸ்டெடி ஸ்டேட்டை என்ன செய்வீர்கள்? 'ஏறத்தாழ மாறாநிலை' என்றா? 'மன்னுநிலை' என்றால் 'மன்னுபோலி' என்று முடிந்திருக்கும்.

—

அது ஒன்பதாம் பாடம் ஐயா. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.