போர் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சத்தியமங்கலம் பக்கம் எங்கள் போர்வெல்லில் 7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், மும்முனை மின்சாரம். போட்டதும் தண்ணீர் நன்றாகத்தான் தள்ளுகிறது, கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (ஆம்ப்ஸ் கூடினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) விழுந்துவிடுகிறது. வாழை குலை தள்ளும் நேரம், தண்ணீர் கட்டாமல் விட முடியாது.

பார்க்க வந்த மெக்கானிக், ரிலேயில் ஆம்ப்ஸைக் கூட்டி வைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தால் ரீவைண்டிங் செலவை அவரா தருவார்?

டாங் டெஸ்டரில் (ஆம்ப்ஸ் அளக்கும் கருவி) இரண்டு பேஸ் 13 ஆம்ப்ஸ், ஒன்று மட்டும் 17. வோல்டேஜ் மூன்றிலும் ஏறக்குறைய 400. கருகிய காண்டாக்டுகளை மாற்றியும் அதே கதை. அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று லீடையும் (ஒயர்) சுற்று வரிசை மாறாமல் ஒரு இடம் தள்ளிப் போட்டுப் பார்த்தோம். கூடுதல் ஆம்ப்ஸ் அதே மோட்டார் லீடோடு நகர்கிறது. ஆக, கோளாறு லைனில் இல்லை, கீழேதான்.

கேபிள் ஜாயிண்டா, காயிலா? மோட்டாரைத் தூக்காமல் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பிரித்துச் சொல்ல முடியுமா? தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கோபி, சத்தி பக்கம் குழாய் கழற்றும் வண்டிக்கு இப்போது என்ன வாடகை கேட்கிறார்கள்? சீக்கிரம் சொன்னால் நல்லது.