மகனாக இருக்கப் பயந்த மனிதர்

சிறை ஊழியத்தில் இருக்கும் சகோதரர்:

சகோதரி, ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தும் மனசு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சிறையில் நான் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறேன்.

ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தவர். உள்ளே வந்த பிறகு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். வேதத்தை எங்களில் சிலரைவிட ஆழமாகப் படித்திருந்தார். ஆனால் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நாளில் மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவது, இடம் பெருக்குவது எல்லாம் அவரே. இன்னொருவரைத் தொட விடமாட்டார். "எனக்கு இந்த வேலை போதும் ஐயா, பந்தி மற்றவர்களுக்கு" என்பார். நாங்களும் அதைத் தாழ்மை என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் லூக்கா 15 வாசித்தோம். அப்பாவின் சொத்தில் பங்கு வாங்கிப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்ட இளைய குமாரன், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, அப்பாவிடம் என்ன சொல்வது என்று தயார் செய்துவிடுகிறான். பாவஞ்செய்தேன் என்பது ஒன்று, உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் தகுதியானவன் இல்லை என்பது அடுத்தது, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது கடைசி. 18, 19ஆம் வசனங்களில் இது இருக்கிறது. 21ஆம் வசனத்தில் அப்பா முன்னால் நிற்கும்போது முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறான். கடைசி வார்த்தை வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று கொண்டுவரச் சொல்கிறார்.

அன்றைக்கு வாசித்தவர் அவர்தான். 21இல் நிறுத்தினார். திரும்ப 19க்குப் போனார். மறுபடியும் 21.

"கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று இவன் கேட்கவே இல்லையே ஐயா."

"அப்பா கேட்க விடவில்லை" என்றேன்.

வெகுநேரம் தலை குனிந்தே இருந்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் பல இடங்களில் பகிர்ந்திருக்கிறேன். "கூலிக்காரனுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. உழைத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்கலாம். மகனுக்கு அப்படிக் கணக்கே கிடையாது. அதுதான் எனக்குப் பயம்."

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை சகோதரி. மன்னிப்பை வாங்கிக்கொள்கிறோம், ஆனால் வீட்டுக்குள் வேலைக்காரராக மட்டும் இருந்துகொள்கிறோம் என்று பேரம் பேசுகிறோம். கலாத்தியர் 4:7இல் பவுல் "இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்" என்று எழுதுவது இந்தப் பேரத்தைத்தான் முறிக்கிறது.

அடுத்த திருவிருந்தில் அவர் வரிசையில் நின்றார். சில மாதம் கழித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிகாரிகளின் அனுமதியோடு அது போனது. பதில் வரவில்லை. "அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. செய்தது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்" என்றார். கிருபையைப் பேசினால் ஆட்கள் பொறுப்பில்லாமல் போய்விடுவார்கள் என்று சிலர் சொல்லும்போது எனக்கு இவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. குற்றவுணர்வில் கிடந்த காலத்தில் அவர் தன்னைப் பற்றியே பேசுவார். அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறதோ என்று அவர் கவலைப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவும் அப்படித்தானே. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது, இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு.

அம்மாவை இழந்த ஒரு சகோதரி:

ஐயா எழுதியதைப் படித்து அழுதேன். என் விஷயம் கொஞ்சம் வேறு. அம்மா கடைசி மூச்சு விட்டபோது நான் பக்கத்தில் இல்லை. வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதையே ஜெபத்தில் பாவமாக அறிக்கையிட்டுக்கொண்டிருந்தேன். ஜெபக் குழுவில் ஒரு மூத்த அக்கா ஒருநாள், "இதில் நீ எந்தக் கட்டளையை மீறினாய் என்று சொல்லும்மா" என்று கேட்டார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் 1 யோவான் 3:20ஐக் காட்டினார். நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர், எல்லாம் அறிந்தவர். நான் சுமந்தது துக்கம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகு மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, அம்மாவை நினைத்து ஆண்டவரிடம் அழ ஆரம்பித்தேன். இன்னும் அழுகிறேன், ஆனால் முன்பு போல மூச்சு அடைக்கவில்லை.

மற்றொரு சகோதரர்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மடத்து மேலாளர் ஸ்டாபிட்ஸ் களைத்துப்போவார். வெளியே வந்ததும் லூத்தருக்கு விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வரும். எனக்கும் அதே நிலைதான். ஒரே பாவத்தை ஒரே நாளில் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவேன். என் போதகர் ஜெபித்தார், கூடவே மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். இது விசுவாசக் குறைவு இல்லை, சிகிச்சை உள்ள நோய் என்று மருத்துவர் விளக்கினார். இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிற ரோமர் 8:1ஐயும் வாசிக்கிறேன். அறிக்கையிட்ட பாவத்தைத் திரும்ப அறிக்கையிடத் தோன்றும்போது, "ஆண்டவரே, இது முடிந்த விஷயம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சகோதரி, தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் தயங்காமல் மருத்துவரையும் பாருங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.