புதுப்பிப்பு: உடைந்த கார் கண்ணாடி வீட்டு வாசலிலேயே மாறியாச்சு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரம் நிறுத்தியிருந்தபோது, புல் வெட்டும் மிஷின் தெறிக்கவிட்ட கல் பின்கதவுக் கண்ணாடியை நொறுக்கியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகவா, ஆளை வீட்டுக்கு வரச் சொல்லவா என்று கேட்டிருந்தேன். வரச் சொன்னேன்.

முதல் நாள் வலது பக்கக் கண்ணாடியோடு வந்து நின்றார்கள். எனக்கு வேண்டியது இடது. அது போகட்டும்.

நேற்று வந்த தம்பி வேலை தெரிந்தவர். கதவின் உள் அட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழியாமல் உரித்து, உள்ளே வேக்குவம் விட்டார். வந்த தூள் ஒரு சிரட்டை இருக்கும்! பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகை என்பதால் கற்கண்டு மாதிரி உதிரும். முன் கண்ணாடிபோல விரிசலோடு ஒட்டி நிற்காது. "அண்ணாச்சி, இதப் பாருங்க" என்று கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் காட்டினார். இரண்டில் தூள் அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தார். நம்மூரில் இரண்டு பருவமழையும் பெய்யும். அடைப்போடு விட்டிருந்தால் கதவு துருப்பிடித்திருக்கும்.

புதுக் கண்ணாடியைக் கிளாம்பில் பொருத்தி, அட்டையை மூடும் முன்பே நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஷீட்டையும் திரும்ப ஒட்டினார். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்று இன்சூரன்ஸ் பக்கம் போகவில்லை. சீட் பெல்ட் பக்கிளிலிருந்து இன்று காலையும் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தது.