ஸ்பிதிக்கு எத்தனை ரோல்?

மயூர்விஹார் மீனா:
ஜூன் கடைசியில் இமாசலத்துல இருக்கற ஸ்பிதி போறோம். டெல்லி கஷ்மீரி கேட்ல பஸ் பிடிச்சு சிம்லா, அங்கிருந்து கின்னௌர் வழியா தாபோ, காஸா. குன்சும் கணவாய் திறந்திருந்தா சந்திரதால் ஏரியும் பார்த்துட்டு மணாலி பக்கமா இறங்கறோம். ஒரு வாரத்துக்கு மேல ஆகும். கையில இருக்கறது அப்பாவோட பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ் ஒண்ணு. எத்தனை ஃபிலிம் ரோல் கட்டலாம்? ஃபோன்ல எடுத்தா போதாதான்னு கேக்கப் போறவங்க, தயவுசெஞ்சு வேண்டாம். வீட்டுலயே கேட்டாச்சு.

கரோல்பாக் கண்ணன்:
நாலு. மிஞ்சிப் போனா அஞ்சு. 36 வீதம் அஞ்சு ரோல்னா 180 படம். ஒரு வாரத்துல 180 நல்ல படம் எடுத்தவங்க இந்தக் குழுவில யாராவது இருந்தா கை தூக்குங்க. ரோல் விலை, கழுவற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தா கலர் ரோல் ஒண்ணுக்கு ஆயிரத்தைத் தாண்டிடுது. பையில பத்து இருந்தா பத்தையும் முடிக்கணும்னு கை அரிக்கும். ஒரே மடாலயத்தை ஏழு கோணத்துல எடுத்துட்டு, வீட்டுக்கு வந்து ஏழுல எது தேறும்னு முழிக்கறதுக்கா இவ்வளவு செலவு?

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
கண்ணன், உங்கள் கணக்கு சாந்தினி சௌக் போய் வருவதற்குச் சரி. அங்கே ரோல் தீர்ந்தால் குச்சா சௌத்ரி கேமரா சந்தில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். சிம்லாவைத் தாண்டிய பிறகு அந்த நம்பிக்கை கிடையாது. மீனா, ஒரு நாளுக்கு ஒரு ரோல், அதற்கு மேல் மூன்று உதிரி என்று எடுத்து வையுங்கள். ஒன்பது நாள் என்று வைத்தால் பன்னிரண்டு வரும். எடுக்காத ரோலுக்குக் கழுவும் கூலியும் இல்லை, ஸ்கேன் கூலியும் இல்லை. திரும்பி வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த பயணத்துக்கு ஆகும். கண்ணன் சொல்லும் செலவில் பெரும்பகுதி படம் எடுத்த பிறகுதான் வருகிறது. பையில் சும்மா கிடக்கும் ரோலை அதில் சேர்ப்பது நியாயமில்லை.

கரோல்பாக் கண்ணன்:
சார், கோடாக் கம்பெனி கோடாக்ரோம் ஃபிலிம் தயாரிப்பை 2009-ல நிறுத்தினப்போ கடைசி ரோலை ஃபோட்டோகிராஃபர் ஸ்டீவ் மெக்கரிகிட்ட கொடுத்தாங்க. 36 படம். அதைத் தூக்கிட்டு அவர் இந்தியாவுக்கே வந்தார், மும்பைலயும் ராஜஸ்தான்லயும் எடுத்தார். ஒரே ரோல், உலகம் பூரா பேசிச்சு. நமக்கு அஞ்சு போதாதா?

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
அந்த 36-ஐ நிதானமாக எடுக்கும் கை வருவதற்கு முன்னால் அவர் எத்தனை லட்சம் படம் எடுத்திருப்பார்? கடைசி ரோலை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொன்னால் எப்படி? மீனாவுக்கு இது அப்பாவின் கேமரா. புதுக் கைக்கு ஃபிலிம் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், அதற்கும் இடம் விட வேண்டும்.

முனிர்கா முத்து:
ரெண்டு பேரும் எண்ணிக்கையிலயே நிக்கறீங்க. எந்த ஃபிலிம்னு யாராவது கேட்டீங்களா?

கரோல்பாக் கண்ணன்:
அதுல கேக்க என்ன இருக்கு, ஐஎஸ்ஓ 400, வெளிச்சம் குறைஞ்சாலும் எடுக்கற வேகமான ஃபிலிம். காலை, மாலை, ஹோம்ஸ்டே அடுப்படி எல்லாத்துக்கும் ஒரே ஃபிலிம், குழப்பமே இல்லை.

முனிர்கா முத்து:
கே1000-ல ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல போகாது. எஃப் எண் பெரிசானா லென்ஸ் துளை சின்னது. வெட்ட வெயில்ல ஐஎஸ்ஓ 400 போட்டா எஃப்16-ல 1/500, எஃப்11-ல 1/1000. அதோட கதவு சாத்திடும். ஸ்பிதியில மரம் ரொம்பக் கம்மி, வெளிறின மண்ணு, நாலாயிரம் மீட்டர் உயரத்து வானம். பகல் முழுக்க லென்ஸை எஃப்11-ஐ விடத் திறக்கவே முடியாது. ஐஎஸ்ஓ 100 போட்டா எஃப்5.6 வரைக்கும் திறக்கலாம், பின்னணி மங்கும். பகலுக்கு கோடாக் எக்டார் 100 கலர், சாயங்காலத்துக்கும் வீட்டுக்குள்ளயும் இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளை, இதுதான் என் கட்சி. 400 வேகத்து எச்பி5-ஐ 1600-ன்னு வச்சு எடுத்துட்டு கழுவறவர்கிட்ட சொன்னா நேரம் கூட்டிக் கழுவிக் கொடுப்பார். ஆனா அந்த ரோல் முழுக்க 1600-லயே எடுக்கணும். இதுக்காகவே ஒண்ணு ரெண்டு ரோல் கூட வேணும்.

கரோல்பாக் கண்ணன்:
கலர் நெகட்டிவ் ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சத்தைச் சிரிச்சுக்கிட்டே தாங்கும். அப்புறம், எஃப்11-ல இருந்தா என்ன கெட்டுப் போச்சு? அவ்வளவு தூரம் போய் மலையை மங்கலாக்கி எடுக்கப் போறாங்களா?

முனிர்கா முத்து:
மலையை இல்ல, மலைக்கு முன்னால நிக்கற ஆளை எடுக்கறதுக்கு.

மயூர்விஹார் மீனா:
மடாலயத்துக்கு உள்ளே இருட்டா இருக்குமே, அதுக்குன்னு 800 ரெண்டு ரோல் வாங்கலாம்னு நினைச்சேன்.

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
வேண்டாம். தாபோ மடாலயம் 996-ல் கட்டியது. சுவரெல்லாம் பழைய ஓவியம், அதனால் உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. கேமராவை மூடிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்று பாருங்கள். மற்ற மடாலயங்களிலும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கரோல்பாக் கண்ணன்:
ஆக, ரெண்டு ரோல் குறைஞ்சுது. சார் வாயாலயே.

ஜனக்புரி ஜெயா:
எண்ணிக்கைச் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. மீனா, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறீங்க? மெட்ரோன்னா ஃபிலிம் பையும் எக்ஸ்ரே பெட்டிக்குள்ள போகும். வேகம் குறைஞ்ச ஃபிலிமுக்கு ஒரு தடவையில ஒண்ணும் தெரியாது, ஆனா பாதிப்பு சேர்ந்துகிட்டே போகும். ஆபீஸ் பையில ரோலைப் போட்டுட்டு தினம் மெட்ரோல போய்வர்றவங்க இதை யோசிக்கறதே இல்லை. திரும்பி வரும்போது விமானமா?

மயூர்விஹார் மீனா:
போகும்போது மெட்ரோன்னுதான் நினைச்சேன். திரும்பும்போது சண்டிகர்ல இருந்து ஃப்ளைட்.

ஜனக்புரி ஜெயா:
அப்போ போகும்போது ஆட்டோ. ஃப்ளைட்டுக்கு ஒரே விதி: செக்-இன் பெட்டியில ஃபிலிம் போடவே கூடாது, அந்த ஸ்கேனர் ரொம்ப பலம். கைப்பைக்குப் புதுசா வர்ற சிடி ஸ்கேனரும் ஆபத்துதான். அதுல விடாதீங்கன்னு கோடாக், இல்ஃபோர்ட் ரெண்டுமே எச்சரிக்குது. எடுத்து முடிச்சு இன்னும் கழுவாத ரோலுக்கும் இதே கதிதான், பயணமே போயிடும். அட்டைப்பெட்டியைக் கழட்டிட்டு எல்லா ரோலையும் கண்ணாடி மாதிரி தெரியற ஒரே பையில போட்டு, "கையால பாருங்க பையா"ன்னு கேளுங்க. ஒத்துக்கறது அங்க நிக்கற ஜவானைப் பொறுத்தது. ஈயப் பை வாங்காதீங்க. திரையில கறுப்பா தெரியும், திறக்கச் சொல்லிடுவாங்க. இங்க ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்ணன் பக்கம். அஞ்சு ரோலைக் கையால பார்க்கச் சொன்னா பார்ப்பாங்க, இருபதை நீட்டினா முகம் மாறும்.

கரோல்பாக் கண்ணன்:
நன்றி ஜெயா. தனியா போராடிட்டிருந்தேன்.

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
நான் இருபது சொல்லவில்லை, பன்னிரண்டு. விலைக்கு வருகிறேன். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய நாளில் 'இந்து' என்று கறுப்பு வெள்ளை ரோல் வந்தது, நம் ஊர் சரக்கு. 1960-ல் தொடங்கிய அரசு ஆலை. அதுவும் மூடியாயிற்று. இப்போது நாம் வாங்கும் எக்டாரும் எச்பி5-ம் கடல் தாண்டி வருபவை, அதுதான் இந்த விலை. வாங்கவே பயமாக இருப்பது புரிகிறது. ஆனால் பஸ், ஹோம்ஸ்டே, டாக்சி என்று செலவழித்து காஸா வரை போனவருக்கு அங்கே ரோல் தீர்ந்தால், மிச்சப்படுத்திய காசு எதற்கு ஆகும்?

முனிர்கா முத்து:
விலைதான் பிரச்சினைன்னா கறுப்பு வெள்ளைக்கு ஒரு வழி இருக்கு. 30.5 மீட்டர் ஃபிலிம் டின் ஒண்ணு வாங்கி, அதை ரோல் ரோலா சுத்தற பல்க் லோடர்ல சுத்தினா 36 படம் வீதம் 18 ரோல் தேறும், கடை ரோலை விட மலிவா முடியும். நீளம் நம்ம இஷ்டம், 20 படத்தோட நறுக்கிக்கலாம். சாயங்காலம் 1600-ல பத்துப் படம் எடுத்துட்டு மீதிக்கு என்ன பண்றதுன்னு தவிக்க வேண்டாம். என்கிட்ட லோடர் இருக்கு, மீனா வந்தா சுத்தித் தரேன்.

கரோல்பாக் கண்ணன்:
இது நல்ல யோசனை. எனக்கும் சுத்தித் தாங்க. ஆனா என் அஞ்சு அஞ்சுதான். ரோல் குறைவா இருந்தா கேமராவை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பார்ப்போம். அதுக்குத்தானே ஃபிலிமுக்கே வந்தோம்? சும்மா சுட்டுத் தள்றதுக்கு டிஜிட்டல் இருக்கு.

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
நின்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு எதற்குப் பை காலியாக இருக்க வேண்டும்?

ஜனக்புரி ஜெயா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கே1000-க்கு ஆன்-ஆஃப் பொத்தான் கிடையாது, லென்ஸ் மூடி போடலேன்னா வெளிச்சத்தை அளக்கற மீட்டர் பேட்டரியைத் தின்னுட்டே இருக்கும். உதிரி பேட்டரி ஒண்ணு வச்சுக்கோங்க. தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும், முத்து சொன்ன எஃப்16 கணக்கை வச்சு ஓட்டலாம். அங்க புழுதி ஜாஸ்தி. ரோலை டப்பியிலயே வைங்க, வண்டிக்குள்ள உட்கார்ந்து மாத்துங்க. மண் துகள் ஒண்ணு உள்ள போனா நெகட்டிவ் நீளத்துக்கும் கோடு.

மயூர்விஹார் மீனா:
எல்லாருக்கும் நன்றி. எக்டார் ஏழு. எச்பி5 நாலு, அதுல ரெண்டு முத்து சுத்தித் தர்ற 20 படம். 800 கிடையாது. மொத்தம் பதினொண்ணு, கஷ்மீரி கேட்டுக்கு ஆட்டோ. கண்ணன் கோவிச்சுக்காதீங்க.

கரோல்பாக் கண்ணன்:
கோவம் என்னத்துக்கு? பதினொண்ணையும் முடிக்க மாட்டீங்க. மிஞ்சற எக்டாரைப் பாதி விலைக்கு நான் எடுத்துக்கறேன், இப்பவே சொல்லிட்டேன்.

ஆர்.கே.புரம் ராமசேஷன்:
பாதி விலையா? மீனா, அவரிடம் கொடுக்காதீர்கள். முழு விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்.