போர்டு மீட்டிங்குக்கு ஃபைல் தயார் செய்த அனுபவங்கள்: ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து

மண்டபம் பக்கமிருந்து:

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஆபீஸ் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் இயக்குநர் குழுக் கூட்டம். போன கூட்டத்துக்குக் கொடுத்த ஃபைலை எடுத்துப் பார்த்தால் செங்கல் கனம் கனக்கிறது. "அதே மாதிரி செஞ்சிடும்மா, தேதியை மட்டும் மாத்திக்க" என்கிறார் தலைவர். கரையோர நிறுவனங்களில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இதற்கு முன் நான் கணக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் பக்கமிருந்து:

தங்கச்சி, அந்தச் செங்கலை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நிறுவனத்திலும் அதுதான் வழக்கம். ஊர் ஊராகச் செயல்பாட்டு அறிக்கை, பயிற்சிக்குப் பயிற்சி குரூப் போட்டோ, பயனாளிகள் பட்டியல், அப்புறம் ஆடிட்டர் கொடுத்த கணக்கு முழுசாக, கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில் "பழைய வேனை விற்பது குறித்து" என்று ஒற்றை வரி. ராம்நாட்டில் (ராமநாதபுரம் டவுனில்) ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கூட்டத்தன்று காலையில் ஆளுக்கொன்றாக மேஜையில் வைப்பார்கள். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த பெரியவர்கள் போட்டோவைப் புரட்டுவார்கள், "நல்லா பண்ணியிருக்கீங்க" என்பார்கள், டீ வரும், வேன் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஷெட்டில் நின்று உப்புக் காற்றில் துருவேறிய அந்த வேன் கடைசியில் இரும்புக்கடைக்கு என்ன விலைக்குப் போனது என்பதைக் கேட்காதீர்கள்.

வழக்கத்தை மாற்றியது எங்கள் போர்டில் இருக்கும் ஒரு பாசிக்காரம்மா. சின்ன வயதிலிருந்து தென்கடலில் முக்குளித்துப் பாசி எடுப்பவர். விரல் விரலாகத் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர். கூட்டத்தில் ஃபைலைத் திறக்கவே மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை முக்குளிக்கும் கண்ணாடி கொடுத்த திட்டத்தைப் பற்றி எங்கள் ஒருங்கிணைப்பாளர் வாசித்தார். இலக்கு முழுசாக எட்டியாகிவிட்டது, படமும் இருக்கிறது. அந்தம்மா கேட்டார்: "குடுத்தீங்க, சரி. இப்ப எத்தனை பேரு அதைப் போட்டுக்கிட்டு இறங்குறாளுக?"

அறையில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் பட்டை முகத்தில் சரியாக உட்காரவில்லை, தண்ணீர் உள்ளே வருகிறது, நிறையப் பேர் பழைய கண்ணாடிக்கே திரும்பிவிட்டார்கள். இதில் கூத்து என்னவென்றால், அதே கண்ணாடியை இரண்டாம் தவணையாக வாங்க ஒப்புதல் கேட்கும் தீர்மானம் அன்றைய ஃபைலின் உள்ளேயே கிடந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதுவும் "நல்லா பண்ணியிருக்கீங்க"வோடு நிறைவேறியிருக்கும்.

அப்போதிருந்து ஃபைலைப் பின்னாலிருந்துதான் செய்கிறேன். முதலில் தலைவருக்கும் பொருளாளருக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்பேன்: கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது என்னென்ன முடிவாகியிருக்க வேண்டும்? பெரும்பாலும் மூன்று நான்கு விஷயம்தான் தேறும். அவை முதல் பக்கத்தில் போகும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பக்கம்: என்ன கேட்கிறோம், ஏன் இப்போது, எவ்வளவு செலவு, எந்தக் கணக்கிலிருந்து, வேண்டாம் என்றால் என்ன ஆகும், ஊழியர்கள் என்ன நினைக்கிறோம். பக்கத்தின் அடியில் தீர்மான வாசகத்தையும் நானே எழுதி வைத்துவிடுவேன். அவர்கள் அடித்துத் திருத்தட்டும், அதற்குத்தானே கூட்டம். வெறும் தகவலாகப் போகிறவை எல்லாம் பின்னிணைப்பில். போட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் முடிவுக்கு உதவினால் மட்டும். கண்ணாடி விஷயத்தில் அந்த ரப்பர் பட்டையைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் அது உருப்படியான போட்டோ.

பணத்துக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் வெளிநாட்டு நன்கொடைக்கும் உள்ளூர்ப் பணத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட வேண்டும். எங்கள் கூட்டங்களில் தவறாமல் ஒருவர் கேட்பார்: "அந்தக் கணக்குல பணம் சும்மாதானே கிடக்கு, ஆபீஸ் சம்பளத்தை அதுல போட்டா என்ன?" எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும் பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக்குத்தான் முதலில் வந்தாக வேண்டும், உள்ளூர்ப் பணத்தோடு கலக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன்னால் அந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. பழைய ஆட்கள் மனதில் இன்னும் அந்த 50தான் நிற்கிறது. கட்டத்தின் கீழேயே "நிர்வாகச் செலவு இதுவரை இவ்வளவு, வரம்புக்கு இன்னும் இவ்வளவு" என்று எழுதிவிட்டால் அந்த விவாதத்துக்கு வேலையே இல்லை.

தேதி குறிப்பதுதான் நம் பக்கத்தில் பெரிய வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களில் பாசிக்குப் போகிறவரைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுவது நியாயமில்லை. அதனால் காலண்டரில் அந்த நாட்களை முதலில் அடித்துவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. சும்மா இருக்கும் காலம்தானே, கூட்டம் வைக்கலாம் என்று எங்கள் போர்டிலுள்ள சென்னைக்காரர்கள் நினைப்பார்கள். வீட்டில் வருமானம் நின்று, வட்டிக்கும் அடகுக்கும் அலைகிற மாதங்கள் அவை. சென்னைக்காரர்களுக்கும் கஷ்டம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை அக்கரையோடு இறங்கி ரோட்டு வழியாக வந்தார்கள். அந்தக் காலத்தில் நாங்களே கூட்டத்தை ராம்நாட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. ஃபைலை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதே. பாசிக்காரம்மா வீட்டுக்குச் சாயங்காலம் போய் உட்கார்ந்து நான் முழுசாக வாசித்துக் காட்டுவேன். வாசலில் பாசி காய்ந்துகொண்டிருக்கும், அவர் அதில் ஒட்டிய சிப்பியையும் மண்ணையும் பொறுக்கிக்கொண்டே கேட்பார். கை நின்றால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். அந்தப் பத்தியில் நானும் நிறுத்தி, அவர் கேட்பதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து முதல் பக்கத்தில் "உறுப்பினர்கள் முன்கூட்டியே கேட்டவை" என்று போடுவேன். இதைப் பார்த்துச் சென்னை டாக்டரம்மாவும் இப்போது முன்னதாகவே கேள்வி அனுப்புகிறார்.

ராமநாதபுரம் டவுனிலிருந்து:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். பேங்க்கில் ரிட்டயர் ஆன பிறகு இரண்டு தொண்டு நிறுவனங்களில் இயக்குநர். பாம்பன் அம்மா சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் கைதட்டுகிறேன். பணத்துக்கு ஒரு பக்கம் போதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு பக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்க வேண்டாமா? பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதற்கும் கேஷ் புக்குக்கும் உள்ள வித்தியாசப் பட்டியலும் தனியாக மெயிலில் வந்தாக வேண்டும். ஒரு நிறுவனத்தில் அழகழகான வண்ண வரைபடம் காட்டினார்கள். எந்தச் செக் மாதக்கணக்கில் பாஸ் ஆகாமல் நிற்கிறது என்று கேட்டேன். பதிலுக்கு டீ வந்தது.

இன்னொரு விஷயம், போன கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு. "உறுதி செய்யப்பட்டது" என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். போன கூட்டத்தில் யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், செய்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். அந்த அரைப் பக்கத்தை நான் முதலில் படிப்பேன். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதும் ஆபீஸை நம்பி மற்றதைப் படிக்கலாம்.

நான் பார்த்த ஒரு சம்பவம். பயிற்சிக்குப் படகு வாடகை எடுக்கத் தீர்மானம், மூன்று கொட்டேஷன். மலிவானதுக்கு எல்லோரும் தலையாட்டியாகிவிட்டது. சாப்பாட்டு வேளையில்தான் அந்தப் படகு நம் இயக்குநர் ஒருவரின் மைத்துனருடையது என்று பேச்சு வந்தது. அவர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். விலையும் நியாயமான விலைதான். ஆனாலும் சாப்பிட்டுவிட்டு வந்து, அவரை வெளியே உட்கார வைத்து, மறுபடி முடிவெடுத்தோம். ஃபைலில் ஒவ்வொரு கொட்டேஷனுக்குப் பக்கத்திலும் "இயக்குநர்களுக்கு உறவு உண்டா" என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் மீன்குழம்பு ஆறியிருக்காது. கீழக்கரையானாலும் தொண்டியானாலும் இந்தக் கரையில் சொந்தம் இல்லாத வியாபாரம் எங்கே இருக்கிறது? எழுதிவிட வேண்டும், அதுதான் முறை.

சாயல்குடி பக்கமிருந்து:

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதலில் உங்கள் நிறுவனம் டிரஸ்டா, சொசைட்டியா, கம்பெனி சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானதா என்று பாருங்கள். டிரஸ்ட் என்றால் டிரஸ்ட் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய ஆட்கள்), அதுதான் நோட்டீஸ். சொசைட்டி என்றால் தமிழ்நாட்டின் 1975ஆம் வருஷச் சட்டமும் உங்கள் துணை விதிகளும். இயக்குநர் குழு என்று நீங்கள் சொல்வதால் 8ஆம் பிரிவுக் கம்பெனி என்று எடுத்துக்கொள்கிறேன். 2013 கம்பெனி சட்டப்படி கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். கையில், தபாலில், மின்னஞ்சலில் எப்படியும் அனுப்பலாம். ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். கோரம் எட்டுப் பேர் அல்லது மொத்தத்தில் கால்வாசி, எது குறைவோ அது. ஆனால் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. நிதியாண்டின் முதல் கூட்டத்தில் ஒவ்வொரு இயக்குநரும் வேறு எங்கெல்லாம் தொடர்பு வைத்திருக்கிறார் என்ற எம்.பி.பி.-1 படிவத்தைக் கொடுக்க வேண்டும். சார் சொன்ன படகுக் கதை மாதிரி மைத்துனர் விஷயம் அதில் வராமல் போகலாம், அதற்கு அவர் சொன்ன கட்டம்தான் மருந்து.

வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டுக் கணக்குப் படிவமான எஃப்.சி.-4ஐ டிசம்பர் 31க்குள் போட வேண்டும். வருமான வரிக்கு, அந்தந்த நிதியாண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழித்ததைக் காட்ட வேண்டும். இந்த மாதிரித் தேதிகளை ஒரு பட்டியலாக ஃபைலில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்தது, முடியவில்லை என்று எழுதிவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் "செலவழிக்காம கிடக்கே" என்று ஓடிவருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து:

எங்கள் அம்மாவும் இப்படி ஒரு போர்டில் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன்.

"எங்க ஊரு போட்டோவை எனக்கே எதுக்கு அச்சடிச்சுக் குடுக்குறாங்க? எனக்கு வேண்டியது எழுத்து பெருசா இருக்கணும், தொகை தெளிவா இருக்கணும். வாடைக் காலத்துல காகிதம் நமத்துப்போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, ரெண்டு பக்கமும் அச்சடிச்சா ஒண்ணும் தெரியல. மீட்டிங்குக்குப் போற அன்னைக்கு எனக்குத் தொழில் போச்சு. பஸ் காசு தர்றாங்க, அதையும் கேட்டாத்தான் தர்றாங்க. அதை அந்தப் பேப்பர்லயே எழுதிட்டா கேக்குற கூச்சம் இருக்காதுல்ல."

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் எல்லோரும் காட்டுகிறார்கள். எதற்குப் போடுகிறோம் என்பதை வீட்டில் நான்தான் சொல்கிறேன்.

மண்டபம் பக்கமிருந்து:

எல்லோருக்கும் நன்றி. எங்களுடையது 8ஆம் பிரிவுக் கம்பெனிதான், பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். தேதியை அமாவாசை கழித்து வைத்தாயிற்று. முடிவு எடுக்க வேண்டியவை என்று தலைவர் சொன்னது இரண்டே விஷயம். அது அவருக்கே ஆச்சரியம். ஆனால் புது ஃபைலைக் காட்டியதும் "என்னம்மா இவ்வளவு ஒல்லியா இருக்கு, வேலையே நடக்கலன்னு நினைச்சிடுவாங்களே" என்கிறார். என்ன செய்வது அக்கா?

பாம்பன் பக்கமிருந்து:

போட்டோவையெல்லாம் சேர்த்துத் தனி ஆல்பமாக ஒன்றே ஒன்று போட்டு, டீ வைக்கும் மேஜையில் வைத்துவிடு. பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். உங்கள் போர்டிலும் பாசிக்குப் போகிறவர் இருந்தால், அவர் பஸ் காசுக்கு ஒரு வவுச்சரை நிரப்பி, கையெழுத்து மட்டும் போடுகிற மாதிரி ஃபைலின் உள்ளேயே வை. தொழில் போன காசுக்கு என்ன செய்யலாம் என்பதை மூன்றாவது விஷயமாகச் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் கேள். இயக்குநருக்குக் கூலி மாதிரி எதுவும் தரலாமா என்பது உங்கள் விதிகளில் எப்படி எழுதியிருக்கிறதோ தெரியாது, சாயல்குடித் தம்பியிடம் விதிகளைக் காட்டிவிட்டு அப்புறம் அந்தப் பக்கத்தை எழுது.