ஃபிலிம் பேட்ஜ் கறுக்கவில்லையென்றால் கதிர்வீச்சே இல்லையா?

வடமுனை:
ஃபிலிம் பேட்ஜ் என்பது சட்டையில் குத்திக்கொள்ளும், கதிர்வீச்சு பட்டால் கறுக்கும் சிறு படத்துண்டு. 1950-களில் கிறிஸ்துமஸ் தீவில் பிரித்தானியா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் நின்ற சிப்பாய்களைப் பற்றி, "பேட்ஜ் கறுக்கவில்லை, ஆகவே அவர்களுடைய நோய்க்குக் குண்டைக் குறை சொல்வது வெறும் புலம்பல்" என்று நேற்று அளவுகோல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் பசிபிக்கிலும் நடந்த அந்தச் சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 22,000 பேரில் பெரும்பாலோருக்குப் பேட்ஜே தரப்படவில்லை. சட்டையில் குத்தாத பேட்ஜ் எப்படி ஐயா கறுக்கும்?

அளவுகோல்:
ஆபத்து இருக்கக்கூடிய இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். 1958 ஏப்ரல் 28 அன்று அந்தத் தீவருகே வெடித்த கிராப்பிள் ஒய் என்ற ஹைட்ரஜன் குண்டு, ஏறத்தாழ 3 மெகாடன் (30 லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரான) வலிமை கொண்டதாயினும், கடலுக்கு மேலே வெகு உயரத்தில் வெடித்தது. தீக்கோளம் தரையைத் தொடாதபோது மண்ணும் தூசியும் அள்ளப்பட்டுக் கதிரியக்கத்தோடு திரும்ப விழுவது மிகக் குறைவு. பேட்ஜ் சொன்னதும் அதைத்தான்.

வடமுனை:
மறுபடியும் பேட்ஜா! அந்தச் சிறு படத்துண்டு வெளியிலிருந்து வரும் காமாக் கதிரைத்தான் முக்கியமாகப் பதிகிறது. மூச்சோடும் குடிநீரோடும் உள்ளே போன துகளை அது எங்ஙனம் அறியும்? முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்களை உள்ளங்கையால் பொத்தியும் கை எலும்புகள் தெரிந்தன என்று அந்த முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கோ படத்துண்டின் நிறம்தான் வேதவாக்கு.

கூர்முள்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸ் தீவு இந்தியப் பெருங்கடலில் அல்லவா இருக்கிறது? ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது.

வடமுனை:
அது வேறு தீவு. இது பசிபிக்கில், இன்றைய கிரிபாட்டி நாட்டில் உள்ளது. பிரான்ஸ் அணுகுண்டுச் சோதனை நடத்திய முரூரோவாத் தீவு பற்றிய விவாதத்திலும் வரைபடம் பாராமல் வந்து நின்றவர் நீங்கள்தான் என்பது நினைவிருக்கிறது.

கூர்முள்:
அங்கே என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

அளவுகோல்:
உணர்ச்சியை விடுங்கள். பிரித்தானியக் கதிரியக்கப் பாதுகாப்பு வாரியம் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, பங்கேற்றவர்களின் மொத்த இறப்பு விகிதம் ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகமில்லை என்றே கண்டது.

வடமுனை:
அதே ஆய்வு ரத்தப் புற்றுநோயில் வேறுபாடு கண்டதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அதே சோதனைகளைக் கப்பல்களிலிருந்து பார்த்த நியூசிலாந்துக் கடற்படையினரின் ரத்தத்தை மாசி பல்கலைக்கழகத்தார் பரிசோதித்து, குரோமோசோம் இடமாற்றங்கள், அதாவது கதிர்வீச்சால் குரோமோசோம் துண்டுகள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் தடயங்கள், ஒப்பீட்டுக் குழுவினரைவிட மிகுதியாக இருந்ததைக் கண்டார்கள். உடம்பே பேட்ஜாக இருந்திருக்கிறது. நீங்கள்தான் அதைப் படிக்க மறுக்கிறீர்கள்.

அளவுகோல்:
மிகச் சிறிய குழு. ரத்தப் புற்றுநோய் வேறுபாட்டுக்கும், ஒப்பீட்டுக் குழுவில் அது வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தது ஒரு காரணம். மேலும் அந்தச் சிப்பாய்கள் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கை 2012-இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வடமுனை:
நான்குக்கு மூன்று என்ற கணக்கில், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித்தான் ஏற்கவில்லை. "பேட்ஜ் கறுக்கவில்லை" என்ற தீர்ப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள். சோதனைகளில் பங்கேற்றவர்களுக்குப் பதக்கம் அறிவிக்கவே 2022 வரை காத்திருந்த அரசின் பதிவேட்டைத்தானே நம்பச் சொல்கிறீர்கள்?

அளவுகோல்:
பதக்கம் பங்கேற்புக்குத் தரப்படுவது, கதிர்வீச்சு அளவுக்கு அல்ல. பேட்ஜில் பதிவு இல்லையென்றால் இல்லைதான்.

வடமுனை:
எத்தனை பேருக்குப் பேட்ஜ் கொடுத்தார்கள் என்று முதலில் எழுதுங்கள். ஐந்தாம் முறையாகக் கேட்கிறேன்.

கூர்முள்:
இரண்டாம் முறைதான். நான் எண்ணினேன்.