புதுப்பிப்பு: ஆமை ஓவிய விழா நல்லபடியா முடிஞ்சுது

பெசன்ட் நகர்ல நாங்க தன்னார்வலர்களா நடத்துற கடலுயிர் ஓவிய விழாவுக்கு இடமே கிடைக்கலன்னு போன வாரம் எழுதியிருந்தேன். கடைசியில ஒரு நண்பரோட வீட்டு மொட்டை மாடி கிடைச்சுது. 38 ஓவியத்துல 21 வித்துடுச்சு. பணம் எங்க போகும்னு கேட்டவங்களுக்கு: ஆமை முட்டைகளைக் குஞ்சு பொரியுற வரைக்கும் பாதுகாக்குற பொரிப்பகத்துக்கு சவுக்குக் கட்டை, வலை, ராத்திரி ரோந்துக்கு டார்ச்.

பங்குனி ஆமைன்னு (நம்ம கரையில முட்டையிடுற ஆலிவ் ரிட்லி) வரைஞ்சிருந்த பெரிய ஓவியத்து முன்னாடி ஒரு மீனவர் அண்ணன் ரொம்ப நேரம் நின்னார். ஆமையோட முதுகு ஓட்டுல இருக்கிற தகடுகளை விரல் வெச்சு எண்ணினார். "பக்கத்துக்கு நாலுதான் போட்டிருக்கியேம்மா, இது பேராமை. பங்குனி ஆமைக்கு ஆறு, ஏழு இருக்கும்"னார். பேராமைங்கிறது வேற இனம்; அவர் சொன்னது முழுக்க சரி. வரைஞ்ச பொண்ணு அவரைப் பக்கத்துல உட்காரவெச்சு அங்கேயே திருத்தினா. துடுப்புல நகத்தையும் அவர்தான் வரையச் சொன்னார். எனக்கு விழாவே அந்த அரை மணி நேரம்தான்.

2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்குல ஆமைங்க செத்து ஒதுங்கினதைப் பார்த்த வேதனையிலதான் இதை ஆரம்பிச்சோம். படகு இழுத்துட்டுப் போற இழுவலையில மாட்டினா, ஆமை மூச்சு வாங்க மேல வர முடியாம மூழ்கிச் செத்துடும்.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். முதல் குஞ்சுகள் கடலுக்குப் போற அன்னிக்கு இங்கேயே எழுதுறேன்.